சாக்பீஸ் அண்ணன்மார்

பாக்குத் தட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த ஒருவனை, அவன் எழுந்திருப்பதற்குள், ஒரே ஒரு சாக்பீஸ் துண்டால் மணப்பெண்ணுக்கு அண்ணன் ஆக்கியவன் நான். மந்திரம் போடவில்லை, மருந்து வைக்கவில்லை. பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு, ஆப்ஷனல் பேப்பர், டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், இரண்டாவது யூனிட். அவ்வளவுதான். பொம்மிடியில் அந்தச் சபைக்கு அன்றைக்கு ஐயாயிரம் ஜனம் வந்திருந்தது. வீடு சின்னது என்பதால் பாதிப்பேர் ஓட்டின் மேல் உட்கார்ந்து, ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்த்தார்கள். ஊரே கண்ணால் கண்டு நம்பிய இந்த விஷயத்தை நம்பாதவர் ஒரே ஒருவர். எங்கள் லெக்சரர் லூர்துமேரி மிஸ். என் கெட்ட காலம், எனக்கு மார்க் போட வேண்டியவரும் அவர்தான்.

வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. பொம்மிடியில் பாசஞ்சர் ஏறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து தர்மபுரிக்குக் கல்லூரி போன காலம். அந்தக் காலத்து பி.எஸ்சி. என்பது இந்தக் காலத்து டாக்டர் பட்டம் நான்கைச் சேர்த்துக் கட்டியதற்குச் சமம். தமிழ் தேற வேண்டும், இங்கிலீஷ் தேற வேண்டும், துணைப்பாடமாக ஃபிசிக்ஸும் ஸ்டாடிஸ்டிக்ஸும் தேற வேண்டும். அதற்குப் பிறகுதான் மெயின் என்கிற மலை. ரியல் அனாலிசிஸ் புத்தகத்தை நான் சத்தம் போட்டு வாசித்தால் எங்கள் கொட்டகையில் பசு கண்ணீர் விடும், சாயங்காலம் பால் கறக்காது. இத்தனைக்கும் மேல் முக்கால்வாசி நாளாவது வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை, ஹால் டிக்கெட் இல்லையென்றால் பட்டம் இல்லை. மூன்றாம் வருடம் ஆப்ஷனலாக வானவியல் எடுக்கலாம், அல்லது புதிதாக வந்த டிஸ்கிரீட் மேத்ஸ் எடுக்கலாம். நான் வானவியலுக்குத்தான் பேர் கொடுத்திருந்தேன். காவேரி டிஸ்கிரீட் எடுத்தாள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் மாற்றிக் கொண்டேன்.

காவேரி எங்கள் ஊர் வேடியப்பனின் மகள். எங்கள் வகுப்பில் முதல் மார்க். நான் இரண்டாவது. அவள் தொண்ணூறு எடுத்தால் எனக்கு எண்பத்தொன்பது வரும். அவளுக்குக் காய்ச்சல் கண்டு எழுபது எடுத்தால் எனக்கு அறுபத்தொன்பது வரும். ஒருமுறை அவள் கோட்டை விடட்டும் என்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தேன். பரீட்சை ஹாலில் மயக்கம் வந்தது எனக்கு. அவள் எழுதி முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் தெளித்தாள். அந்தத் தண்ணீரின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

இது ஒரு பொறாமை. இன்னொன்று என்னோடு கூடவே பிறந்தது. அதன் பெயர் ராஜப்பன். என் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன், எனக்கு மூத்தவன், பங்காளி. பி.யூ.சி.யில் தோற்றுவிட்டு மாந்தோப்பைப் பார்த்துக் கொண்டிருந்தான். அவனிடம் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் இருந்தது. அந்த வண்டி கிளம்பினால் சித்தேரி மலையில் கேழ்வரகு தானாக உதிரும் என்று அவன் அப்பா சொல்லுவார், அதாவது என் பெரியப்பா. அவர் பொய் சொல்லுவதில் எங்கள் பரம்பரையிலேயே கெட்டிக்காரர். எனக்கு எல்லாம் நிஜம்தான் வரும்.

மார்கழியில் ஒரு காலை. பாசஞ்சரில் ஜன்னலோரம் காவேரி, எதிர் பெஞ்சில் நான், என் பக்கத்தில் நூர் பாஷா. பாஷா எங்கள் வகுப்புக்காரன். கடைத்தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் குடும்பம். பாடம் நடக்கும்போது கேள்வி கேட்பதற்காகவே பிறந்தவன்.

"நஞ்சப்பன், உங்களுக்குச் சேதி தெரியுங்களா?" என்றாள் காவேரி. "ஞாயித்துக்கெழமை எங்க வூட்ல பாக்கு மாத்தறாங்க."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். உங்க பெரியப்பா வூட்டு ராஜப்பனுக்கு."

ரயில் எஞ்சினில் கரி தீர்ந்து போயிருந்ததாக டிரைவர் பிற்பாடு சொன்னார். ஆனால் வண்டி நிற்கவில்லை. என் வயிற்றில் மூண்ட எரிச்சலின் சூட்டிலேயே மொரப்பூர்வரை ஓடியது.

"கல்யாணம்?" என்று பாஷா கேட்டான்.

"தை மாசம். அதுக்கப்புறம் நான் எங்க காலேஜ் வரது? அட்டெண்டன்ஸ் போச்சு. ஹால் டிக்கெட் போச்சு. அப்பாகிட்ட சொன்னேன், சித்திரை வரைக்கும் பொறுங்க, பரீட்சை எழுதிடறேன்னு. 'நல்ல எடம் பொறுக்குமா'ங்கறார். மூணு வருசம் இந்த ரயில்ல வந்தது மாங்காய்க்கு வைக்கோல் போட்டு மூடறதுக்குத்தானா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு வெளியே பார்த்தாள்.

என் உள்ளே இரண்டு பொறாமைகளும் எழுந்து மல்லுக்கு நின்றன. ஒன்று சொன்னது: நல்லதுதானே, அவள் போனால் நீதான் முதல் மார்க், வாயை மூடிக்கொண்டு இரு. இன்னொன்று சொன்னது: ராஜ்தூத்தில் பின்னால் உட்கார்ந்து அவள் சந்தைக்குப் போவாள், நீ சைக்கிளில் புழுதி தின்றுகொண்டு போவாய். ஒரு பக்கம் மார்க், ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள். புட்டிரெட்டிப்பட்டி தாண்டும்வரை சண்டை நடந்தது. கடைசியில் மோட்டார் சைக்கிள்தான் ஜெயித்தது.

எனக்கு அவள்மேல் வேறு எண்ணம் ஏதாவது இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பட்டம் வாங்கி ஒரு வேலையில் உட்கார்ந்ததும் வேடியப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாஷாவுக்குத் தெரியும், எதிரில் இருந்த டிக்கெட் பரிசோதகருக்குத் தெரியும், ரயிலில் முறுக்கு விற்றவருக்கும் தெரியும். அவ்வளவு ரகசியம்.

மொரப்பூர் பிளாட்பாரத்தில் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பச்சியப்பன் நின்றிருந்தார். அங்கே போர்ட்டர். எங்களுக்கு தினமும் தர்மபுரி பஸ் நிலவரம் சொல்பவர் அவர்தான்.

"மாமா, பஸ் போயிருச்சா?" என்றாள் காவேரி.

"மாமா, பஸ் இருக்குங்களா?" என்றேன் நான்.

"மாமு, பஸ்ஸு?" என்றான் பாஷா.

"நிக்குது, ஓடுங்க," என்றார் அவர். அந்த ஸ்டேஷனில் அவரை மாமா என்று கூப்பிடாதவர்கள் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டரே அப்படித்தான் கூப்பிடுவார்.

பஸ்ஸில் ஏறியதும் காவேரி கேட்டாள். "ஏங்க, அவரை நீங்க எந்த முறையில மாமாங்கறீங்க?"

"ஸ்டேஷனே கூப்பிடுது, நானும் கூப்பிடறேன்."

"ஸ்டேஷன் கூப்பிடறது இருக்கட்டும். சொந்தம் ஏதாச்சும் இருக்குங்களா?"

யோசித்துச் சொன்னேன். "ராஜப்பனுக்கு அவர் சொந்த மாமா. அவனோட அத்தை சின்னம்மாளைக் கட்டினவர். அத்தை செத்துப் பத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. அப்புறம் மாரியம்மன் பண்டிகைக்கு வெட்டின கெடாவுல மாமனுக்குச் சேர வேண்டிய தலையைக் குடுக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவர்தான். அங்க வரப்போக்கே கெடையாது."

"எனக்கும் சொந்த மாமாதான்," என்றாள். "எங்க சித்தியோட அண்ணன். சித்தப்பாவும் சித்தியும் கோலார் தங்கவயல்ல இருக்காங்க. அதனால இங்க யாருக்கும் ஞாபகமே வராது."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக வேப்பமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். தர்மபுரி நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எகிறிக் குதித்தேன். என் தலை பட்டு பஸ்ஸின் கூரையில் விழுந்த புடைப்பை, அந்த பஸ்ஸை உடைத்து இரும்புக்குப் போடும்வரை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் குதித்தேன் என்று புரிய, லூர்துமேரி மிஸ் அந்த வாரம் நடத்திய பாடத்தைச் சொல்ல வேண்டும். மிஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் கண்ணாடிக்கு மேலே அவர் ஒரு பார்வை பார்த்தால் கரும்பலகை தானாக அழிந்துகொள்ளும். பாடம், சமான உறவு. ஒரு உறவு சமான உறவாக இருக்க மூன்று நிபந்தனை. அவனவன் அவனவனுக்கே அந்த உறவாக வேண்டும், அது ரிஃப்ளெக்சிவ். நான் உனக்கு என்றால் நீ எனக்கு, அது சிம்மெட்ரிக். நான் உனக்கு, நீ அவனுக்கு என்றால், நான் அவனுக்கு, அது டிரான்சிட்டிவ். மூன்றும் சேர்ந்தால் ஊர் முழுவதும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடும், ஒரு கூட்டத்துக்காரன் இன்னொரு கூட்டத்தில் இருக்க முடியாது.

பாஷா எழுந்தான். "மிஸ், மச்சான் உறவு டிரான்சிட்டிவா மிஸ்?"

"நீயே சொல்லு."

"என் மச்சானுக்கு மச்சான் நான்தான் மிஸ். அப்ப எனக்கே நான் மச்சானா?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப அது டிரான்சிட்டிவ் இல்லை. உட்காரு. நல்ல உதாரணம். எல்லாரும் இதே மாதிரி உங்கள் ஊரிலிருந்து ஒரு உறவை எடுத்து அசைன்மெண்ட் எழுதித் தர வேண்டும். தராதவர்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மச்சான் சமான உறவு இல்லை. ஆனால் பங்காளி? நான் எனக்குப் பங்காளி. நீ எனக்குப் பங்காளி என்றால் நான் உனக்குப் பங்காளி. பங்காளிக்குப் பங்காளி பங்காளி. மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பங்காளிக் கூட்டத்துக்குள் பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அதற்குள் கல்யாணம் கிடையாது. சரி, இருவர் ஒரே கூட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரே மனிதர் இரண்டு பேருக்கும் சொந்த மாமா முறை என்றால், அந்த இரண்டு பேரும் அண்ணன் தங்கை முறை. பச்சியப்பன் ராஜப்பனுக்கு மாமா. பச்சியப்பன் காவேரிக்கும் மாமா.

பஸ் கூரையில் நான் ஏன் முட்டினேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஷாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சட்டையை இரண்டு தடவை இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தேன். மடிப்பு நிற்கிற கூர்மையில் வழியில் ஒரு வாழைக்குலை அறுந்து விழுந்தது. வேடியப்பன் வீட்டில் புதிதாகக் கறுப்புச் சிமெண்ட் தரை போட்டிருந்தார்கள், கரும்பலகை மாதிரி. அதன்மேல் ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் முன்னால் பாக்குத் தட்டு. ராஜப்பன் பட்டுக்கரை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் இருந்த பளபளப்புக்கு என் வயிற்றில் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பாக்கு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் எழுந்து, இன்ன வழியில் இன்ன முறை வருகிறது என்று சபையில் சொல்ல வேண்டும். யாரும் மறுக்காவிட்டால்தான் தட்டு நகரும். காவேரியின் தாய்மாமன் மாயவன். அவர் மேல்துண்டை உதறிக்கொண்டு ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் பாட்டனைப் பெற்றவளின் பிறந்த வீட்டில் தொடங்கி, அங்கிருந்து அரூர் போய், அரூரிலிருந்து மலையேறி இறங்கி, யார் யாருக்கோ வாக்கப்பட்டு, கடைசியில் பெண் வீட்டில் வந்து நின்றார். அவர் முடிக்கும்போது சமையல்காரர் குழம்பை இரண்டாவது தடவை சூடு பண்ணியிருந்தார்.

"ஆக முறை வருது. யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒரு சந்தேகங்க," என்று எழுந்தேன்.

ராஜப்பன் என்னைப் பார்த்து, "நஞ்சா, சோறு அப்புறந்தான்டா போடுவாங்க, உக்காரு," என்றான்.

நான் சாக்பீஸை எடுத்துத் தரையில் குந்தினேன்.

"ஏம்ப்பா, தட்டு வெச்ச எடத்துல கோலம் போடறே?" என்றார் வேடியப்பன்.

"கோலம் இல்லீங்க மாமா, கிராஃப்." இந்த 'மாமா'வை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். "இந்தப் புள்ளி காவேரி. இந்தப் புள்ளி ராஜப்பன்."

"டேய், என் புள்ளி ஏண்டா கடுகாட்டம் இருக்குது?"

"சாக்பீஸ் முனை அப்படி. மேல இருக்கற இந்தப் புள்ளி மொரப்பூர் பச்சியப்பன்." பிறகு ராஜப்பனின் அம்மா காசியம்மாள் பக்கம் திரும்பினேன். "பெரியம்மா, உங்க நாத்தனா சின்னம்மாளை எங்க குடுத்தாங்க?"

"மொரப்பூருக்குத்தான். கெடாத்தலைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போன அந்த மகராசனுக்கு."

ராஜப்பனிலிருந்து பச்சியப்பனுக்கு ஒரு கோடு இழுத்தேன். "வேடியப்பன் மாமா, தங்கவயல்ல இருக்கற உங்க தம்பிக்குப் பொண்ணு எந்த வூட்ல எடுத்தீங்க?"

வேடியப்பன் குனிந்து மேல்புள்ளியைப் பார்த்தார். "மொரப்பூரு. பச்சியப்பன் தங்கச்சி."

காவேரியிலிருந்தும் ஒரு கோடு. இரண்டு கோடும் மேலே ஒரே புள்ளியில் போய் முட்டின. சபையில் ஐயாயிரம் பேரும் மூச்சு விடவில்லை. ஓட்டின் மேல் இருந்தவர்கள் மூச்சை இழுத்ததில் நாலு ஓடு உள்ளே வந்தது.

மாயவன் விடவில்லை. "ஸ்டேஷன்ல எல்லாருந்தான் அந்தாளை மாமாங்கறாங்க. இதோ இந்த பாஷாத் தம்பிகூடத்தான்."

"நாங் கூப்பிடறது சும்மாங்க," என்றான் பாஷா. "என்னுது கோடு இல்ல. வேணும்னா புள்ளி புள்ளியா போட்டுக்கச் சொல்லுங்க."

"இது தூரத்து முறை," என்றார் மாயவன்.

"எது தூரம்? என் கூடப்பொறந்தவன் பொண்டாட்டியா தூரம்?" என்று வேடியப்பன் அவர்மேல் பாய்ந்தார். "நீ அரூர் போயி மலையேறி எறங்கினியே, அதுவா கிட்டம்?"

காசியம்மாள் பெரியம்மா எழுந்து வந்து தரையைக் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு கோட்டின் மேலே போய் இன்னொரு கோட்டின் வழியாக இறங்கினார். "அட ஆமா," என்றார். "என் நாத்தனா புருசன் ரெண்டு பேருக்கும் மாமன்னா, இவன் அந்தப் புள்ளைக்கு அண்ணனாவுறான். அண்ணன் தங்கச்சிக்கா பாக்கு மாத்த வந்தோம்? நல்லவேளை, தட்டு நகரலை."

அவ்வளவுதான். தட்டில் இருந்த வெற்றிலையை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். ராஜப்பன் ஜமுக்காளத்தைவிட்டு எழுந்தான். நான் எழுந்து கைத்தூசியைத் தட்டிவிட்டு, சட்டை மடிப்பைச் சரிசெய்து கொண்டு, காலியான அந்த இடத்தைப் பார்த்தேன். எவ்வளவு நல்ல ஜமுக்காளம் அது.

வேடியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி பி.எஸ்சி.தான படிக்குது?"

"கடைசி வருசங்க," என்றேன். குரல் எனக்கே தெரியாமல் இனித்தது.

"நல்ல பையன். வெவரமான பையன்," என்றார் மாயவன். ஒரு நிச்சயம் கெட்டுப்போன வீட்டில் இன்னொரு நிச்சயத்தை முடித்துவிட்டால் சமைத்தது வீணாகாது என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பாஷா என் முதுகில் தட்டினான். பூமிக்கும் என் செருப்புக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி.

அப்போதுதான் உள்வாசலிலிருந்து காவேரி கேட்டாள். "அப்பா, இவரு ராஜப்பனுக்கு என்ன முறை?"

"சித்தப்பன் மவன். பங்காளி. ஏன் கண்ணு?"

அவள் வெளியே வந்தாள். பட்டுப்புடவையோடு குந்தி, நான் கீழே போட்ட சாக்பீஸை எடுத்தாள். ராஜப்பனின் கடுகுப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தாள்.

"டிரான்சிட்டிவ்," என்றாள்.

அந்த வார்த்தை அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ஐயாயிரம் பேருக்கும் புரிந்தது. ராஜப்பன் அண்ணன் என்றால், அவனுடைய பங்காளியும் அண்ணன்தான். நான் ராஜப்பனை மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியதாக நினைத்திருந்தேன். நானும் உள்ளேதான் நின்றிருந்தேன். மூன்றாவது நிபந்தனையை மனப்பாடமாக எழுதுகிற எனக்கு, அன்றைக்கு என் சொந்த மண்டையில் அது ஏறவில்லை. ராஜப்பன் சிரித்த சிரிப்பில் அவன் வேட்டி அவிழப் போனது.

"வாடா, இன்னொரு அண்ணா," என்று என் தோளில் கையைப் போட்டான். "ரெண்டு பேரும் சேந்து சாப்பிடலாம்."

"அண்ணா," என்றாள் காவேரியும், முதல் தடவையாக. "சாப்பிட்டுட்டுப் போங்க. சாக்பீஸை வெச்சுட்டுப் போங்க, எனக்கு வேணும். பரீட்சைக்குப் படிக்கணும்."

அவளுக்கு இது எப்போது தெரிந்தது, ரயிலிலா, பஸ்ஸிலா, அதற்கும் முன்னாலா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் இதிலும் அவள்தான் முதல் என்று ஆகிவிடும்.

உடனே வேறு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. வேடியப்பன் கோபத்தில் மாயவனோடு பேச்சை நிறுத்தினார், மாயவன் வரன் பார்ப்பதை நிறுத்தினார். தை போனது, மாசி போனது. காவேரி தினமும் பாசஞ்சரில் வந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டு, எனக்கு முன்னால் பாடத்தை முடித்தாள்.

நான் நடந்ததை நடந்தபடியே அசைன்மெண்டாக எழுதிக் கொடுத்தேன். ஐயாயிரம் பேர், ஓடு விழுந்தது, எல்லாம் சேர்த்து. லூர்துமேரி மிஸ் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என்ன இது?"

"பங்காளி ஒரு சமான உறவு மிஸ். நிரூபணமும் இருக்கு, பிரயோகமும் இருக்கு."

"ஒரு சமான உறவைத் தரையில் வரைந்து காட்டி ஒரு கல்யாணம் நின்றதா? நஞ்சப்பன், உலகத்தில் கல்யாணம் நிற்க ஆயிரம் காரணம் உண்டு. டிஸ்கிரீட் மேத்ஸ் அதில் கிடையாது. கதை எழுதணும்னா தமிழ் டிபார்ட்மெண்ட் எதிரில்தான் இருக்கிறது."

"காவேரியையே கேளுங்க மிஸ்."

காவேரி எழுந்து நின்று, "அது சொந்த விஷயம் மிஸ்," என்றாள். அதோடு உட்கார்ந்து கொண்டாள்.

நான் முழு எண்களை மூன்றால் வகுத்து மீதி பார்க்கிற பழைய சங்கதி ஒன்றை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதற்கு ஆறு மார்க். காவேரி என்ன எழுதினாள் தெரியுமா? அதே பங்காளி, அதே மாமா. ஆனால் ராஜப்பனை A என்றும், என்னை B என்றும், தன்னை C என்றும், பச்சியப்பனை M என்றும் எழுதியிருந்தாள். கல்யாணம் இல்லை, தட்டு இல்லை, ஓடு இல்லை. பத்துக்குப் பத்து.

"அவள் எழுதினது கணக்கு," என்றார் மிஸ். "நீ எழுதினது கதை."

அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் பழுத்தது.

சித்திரையில் பரீட்சை. அட்டெண்டன்ஸும் இருந்தது, ஹால் டிக்கெட்டும் வந்தது, காவேரி எழுதினாள். முதல் வகுப்பில் தேறினாள். டிஸ்கிரீட்டில் தொண்ணூற்றாறு. எனக்கு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டமளிப்பு கவுனில் அவள் எடுத்துக்கொண்ட போட்டோ இப்போதும் வேடியப்பன் வீட்டு முன்சுவரில், சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறது. அதே வேடியப்பன், "எம் பொண்ணு பரீட்சை எழுதட்டும்னு நான்தான் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன்" என்று மொரப்பூர்வரை போய்ச் சொன்னார். எனக்கு அடுத்தபடி நன்றாக நிஜம் சொல்கிறவர்.

பிறகு காவேரி பி.டி. முடித்தாள். அரூரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். கம்பைநல்லூர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் எந்த மாமாவும் குறுக்கே வரவில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எழுபத்தொன்பதில் அவள் மகளுக்குத் தீர்த்தமலையில் காது குத்து. லூர்துமேரி மிஸ்ஸையும் அழைத்திருந்தாள். தர்மபுரியிலிருந்து பஸ் மாறி மாறி, குடையோடு வந்து இறங்கினார். தலையில் இரண்டொரு நரை. பார்வை மட்டும் அதேதான்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். காவேரிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. ஆகவே சாக்பீஸால் பிறந்த இரண்டு அண்ணன்கள் வந்து நின்றோம். ராஜப்பன் டிராக்டர் நிறையச் சீர்த்தட்டு கொண்டு வந்திருந்தான். பழம், பட்டுப்பாவாடை, பொம்மை, கொலுசு. நான் கொண்டு போனது ஆறு தட்டு. அவன் தட்டு வரிசையின் முதல் தட்டு மலை உச்சியில் இருக்கும்போது கடைசித் தட்டு அடிவாரத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"குழந்தை எம் மடியிலதான்," என்றான் ராஜப்பன். "நான் மூத்தவன்."

"உன்னை அண்ணன் ஆக்கினதே நான்டா," என்றேன். "நான் இல்லேன்னா நீ மாமனே கெடையாது."

"நீ ஆக்கலைன்னா நான் அப்பனாவே இருந்திருப்பேன்டா."

"இந்தப் பேச்சை எங்க வூட்டுக்காரர் முன்னாடி பேசாதீங்க," என்றாள் காவேரி. அவர் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான்.

குடையை மடக்கிக்கொண்டு மிஸ் ராஜப்பன் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் அந்த A யா?"

"எந்த ஏ-ங்க டீச்சர்?"

"காவேரிக்கு நிச்சயம் பண்ண வந்தவர்."

"ஆமாங்க. உக்காரும்போது மாப்பிள்ளை, எந்திரிக்கும்போது அண்ணன். நடுவுல இவன் தரையில கோடு போட்டான். எம் புள்ளியை மட்டும் கடுகாட்டம் போட்டான், அதைத்தான் நான் இன்னும் மறக்கலை."

ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் காவேரிதான் தீர்ப்புச் சொன்னாள். வலது காது ராஜப்பன் மடியில், இடது காது என் மடியில். ராஜப்பன் மடியில் குத்தும்போது குழந்தை சும்மா விழித்துக்கொண்டு இருந்தது. என் மடிக்கு வந்ததும் தீர்த்தமலையின் அத்தனை குரங்குகளும் இறங்கி ஓடுகிற மாதிரி கத்தியது. ராஜப்பன் என்னைப் பார்த்து மீசையைத் தடவினான்.

லூர்துமேரி மிஸ் எங்கள் இரண்டு மடியையும் மாறி மாறிப் பார்த்தார். ராஜப்பனின் சீர்த்தட்டு வரிசையைப் பார்த்தார். குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த காவேரியைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தாமலே, "ஆமாங்க மிஸ்," என்றாள்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயாயிரம் பேரை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்," என்றார். "மற்றதெல்லாம் நடந்திருக்கிறது, நஞ்சப்பன்."